வட இங்கிலாந்தில் ஐந்து நாள் ரயில் பயணம், தங்கல் பப்பில்: அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

குரோய்டன்காரி:
வணக்கம். அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து ஆறு வாரம் ஆகிறது. வயது 67. லண்டனில் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. இனி இன்னோர் அரண்மனையைக் காட்டினால் விமான டிக்கெட்டை மாற்றிக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிடுவார். அவருக்கு உண்மையில் பிடித்தது ஜன்னலோர இருக்கைதான். அதனால் ஐந்து நாள், நான்கு இரவு, முழுக்க ரயிலிலேயே ஒரு சுற்று யோசித்திருக்கிறேன். லண்டனிலிருந்து லீட்ஸ், அங்கிருந்து செட்டில் வழியாக மலையேறி ரிபிள்ஹெட், பிறகு கார்லைல், அங்கிருந்து கடலோரமாகவே இறங்கி ரேவன்கிளாஸ், கிரேஞ்ச், லங்காஸ்டர், மீண்டும் லண்டன். பாதி மலை, பாதி கடல்.

சிக்கல் தங்குமிடத்தில். இந்தச் சிற்றூர்களில் ஹோட்டல் என்று பெரிதாக எதுவும் இல்லை. பப்பின் மாடியில் நான்கைந்து அறைகள், காலைச் சாப்பாட்டோடு. அம்மாவிடம் பப் என்று சொன்னதுதான் தாமதம், "சாராயக்கடை மாடியில் நான் தலை வைத்துப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: வயதான பெண்மணியோடு தங்கத் தக்க இடங்கள்தானா? அவர் சுத்த சைவம். நான் எப்போதாவது அரைக் கோப்பை.

ஏர் நதிக்கரை:
லீட்ஸில் 19 வருடமாக இருக்கிறேன். முதலில் பப் என்ற சொல்லை வீட்டில் எடுக்காதீர்கள். இப்படி அறை வைத்திருக்கும் பழைய இடங்களுக்கு இன் என்றுதான் பெயர். குதிரை வண்டிக் காலத்தில் வழிப்போக்கர்கள் இறங்கிச் சாப்பிட்டுப் படுத்த இடம், கீழே லாயம், மேலே அறை. சத்திரம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. கைக்குழந்தையோடு குடும்பங்கள் வரும், நாய் வரும், ஒரு மூலையில் பாட்டிமார் உட்கார்ந்து டொமினோ ஆடுவார்கள். நம் ஊரில் மதுக்கடை என்றால் மனதில் எழும் படத்துக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது.

சாலைவாசி:
எதற்கு இந்தத் தலைவலி? லங்காஸ்டரில் ஒரு வாடகைக் கார் எடுத்தால் இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு நிலையமாக இறங்குவது 67 வயதுக்கு ஆகுமா?

குரோய்டன்காரி:
கார் ஓட்டுகிறவருக்கு முன்னால் போகிற லாரி மட்டும்தான் தெரியும். அம்மாவோடு சேர்ந்து நானும் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. பெட்டி ஒன்றே ஒன்று, சக்கரம் வைத்தது.

பொன்மலை ஓய்வாளர்:
மகளே, நல்ல பாதையாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய். பொன்மலை ரயில் பணிமனையில் 34 வருடம் இருந்தவன் நான். மகன் வீட்டுக்கு வந்தபோது இந்தச் செட்டில்–கார்லைல் பாதையில் போய் வந்தேன்.

மிட்லண்ட் ரயில்வே என்ற கம்பெனி, ஸ்காட்லாந்துக்குப் போக எதிரிக் கம்பெனியின் தண்டவாளத்தை நம்பிக் கிடக்கப் பிடிக்காமல், மலைமுதுகில் தனியாக ஒரு பாதை போடப் புறப்பட்டது. இடையில் எதிரியோடு சமரசமாகிவிட்டது. வேண்டாம், விட்டுவிடுகிறோம் என்று பின்வாங்கப் பார்த்தார்கள். வாங்கிய அனுமதிக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்று நாடாளுமன்றம் விடவில்லை. 1869-இல் தொடங்கி, 1876 மே மாதம் பயணிகள் வண்டி ஓடியது. சுமார் 72 மைல், 14 குகைப்பாதைகள். விருப்பமில்லாமல் போட்ட பாதை இவ்வளவு அழகாக அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

ரிபிள்ஹெட் பாலத்துக்கு 24 கண். சுமார் 400 மீட்டர் நீளம், 32 மீட்டர் உயரம். இறங்கியவுடன் கீழே போய்த் தூண்களைப் பாருங்கள். ஒவ்வோர் ஆறாவது தூணும் மற்றவற்றைவிடப் பருமனாக இருக்கும். ஒரு தூண் விழுந்தால் வரிசையாக எல்லாமே சரிந்துவிடாமல், சேதம் அந்த ஆறு கண்ணோடு நிற்பதற்காக. கட்டியவர்கள் குடும்பத்தோடு அந்தச் சதுப்பிலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். அம்மையும் விபத்துமாக எத்தனையோ பேர் போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்துச் சாப்பல்-லி-டேல் தேவாலயத்தில் சுமார் 200 பேரைப் புதைத்திருக்கிறார்கள்.

1980-களில் பாலம் பழுது, செலவு கட்டாது என்று பாதையையே மூடப் பார்த்தது பிரிட்டிஷ் ரயில். 20,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள் வந்தன. அதில் ஒன்று ஒரு நாயுடையது, கையெழுத்துக்குப் பதில் பாத அச்சு! ரஸ்வார்ப் என்பது அதன் பெயர். 1989-இல் பாதை பிழைத்தது. மறு வருடம் வேல்ஸ் மலையில் எஜமானர் இறந்துபோக, அந்த நாய் 11 வாரம் உடலை விட்டு நகரவில்லையாம். கார்ஸ்டேல் நிலையத்தில் வெண்கலச் சிலை இருக்கிறது, வண்டி நிற்கும்போது எட்டிப் பாருங்கள்.

வடக்கே போகும்போது பெனிகெண்ட் மலை வலப்பக்கம், இங்கிள்பரோவும் டென்ட் பள்ளத்தாக்கும் இடப்பக்கம். ரிபிள்ஹெட் வரை வலம், பிறகு இடம் என்று மாறி உட்காருங்கள்.

சாலைவாசி:
நாயும் ஆட்சேபணை தெரிவித்ததா! சரி, ரயிலிலேயே போங்கள்.

கணக்குப்பிள்ளை:
பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அட்வான்ஸ் டிக்கெட் மலிவு என்று லண்டனிலிருந்து கார்லைலுக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்துவிடாதீர்கள். அது குறித்த வண்டிக்கு மட்டும்தான், வழியில் இறங்கித் தங்கி மறுநாள் தொடர விட மாட்டார்கள். லண்டன்–லீட்ஸ், லங்காஸ்டர்–லண்டன் இரண்டையும் அட்வான்ஸாக முன்கூட்டியே எடுங்கள். நடுவில் இருக்கும் கிளைப் பாதைகளுக்கு அன்றன்று வாங்கினாலும் பெரிய வித்தியாசம் இராது. இருவர் சேர்ந்து போவதற்கென்றே டூ டுகெதர் ரயில் அட்டை உண்டு, மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி. வார நாட்களில் காலை 9:30-க்கு முன் செல்லாது என்பதை மறந்துவிடாதீர்கள். வண்டி தாமதமானால் டிலே ரீபே என்று பணம் திரும்பக் கேட்கலாம். நான் ஒரு பவுண்டைக்கூட விடுவதில்லை.

யாழ்தேவி:
நான் பாரோ என்ற ஊரில் வேலை செய்கிறேன். கார்லைலிலிருந்து தெற்கே வரும் கடலோரப் புகையிரதம்தான் எனக்கு வீட்டுப் பாதை. வலப்பக்கம் உட்காருங்கள், கடைசி வரைக்கும் கடல் அந்தப் பக்கம்தான். பார்ட்டனுக்கும் வைட்ஹேவனுக்கும் இடையே பாறைக்கும் அலைக்கும் நடுவே வண்டி ஊர்ந்து போகும், குளிர்காலத்தில் கண்ணாடியில் உப்புப் படியும். அழகு மட்டுமல்ல, செலாஃபீல்டு அணுசக்தி வளாகமும் ஜன்னலுக்கு வெளியேதான். இரண்டையும் பார்த்தால்தான் இந்தக் கரையைப் பார்த்ததாகும்.

பல சிறு நிலையங்களில் கை காட்டினால்தான் வண்டி நிற்கும். இறங்க வேண்டுமானால் கார்டிடம் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டும். இதை அறியாமல் நான் முதல் மாதத்திலேயே ஒரு வண்டியைக் கோட்டை விட்டேன், அது என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

ரேவன்கிளாஸில் இரண்டு இரவு தங்குங்கள். ஒரே ஒரு தெரு, தெரு முடிகிற இடத்தில் கடல். எஸ்க், மைட், இர்ட் மூன்று ஆறுகளும் அங்கே சேருகின்றன. பழைய நிலையக் கட்டடமே இப்போது ராட்டி ஆர்ம்ஸ் என்ற பப். பக்கத்தில் 15 அங்குலமே அகலமுள்ள தண்டவாளத்தில் ஒரு குட்டி ரயில் மலைக்குள் ஏழு மைல் போகிறது. 1875-இல் இரும்புத்தாது இறக்கப் போட்ட பாதை அது.

இன்னொரு விடயம். கொஞ்சத் தூரத்தில் சாண்டன் பிரிட்ஜ் என்ற ஊரின் பப்பில் நவம்பரில் உலகப் பெரும்பொய்யர் போட்டி நடக்கும். அரசியல்வாதிகளும் வழக்கறிஞர்களும் கலந்துகொள்ள அனுமதி இல்லை, தொழில்முறைக்காரர்கள் என்பதால்.

ஏர் நதிக்கரை:
அந்தப் போட்டிக்கு மூலவர் 19-ஆம் நூற்றாண்டில் வாஸ்டேலில் பப் நடத்திய வில் ரிட்சன். எங்கள் ஊர் டர்னிப் கிழங்கைக் குடைந்து சாப்பிட்ட பிறகு அந்தக் குழிக்குள் ஆடுகள் ஒதுங்கும் என்று விருந்தினரிடம் அளந்துவிடுவாராம்.

கார்லைலில் வண்டி மாறுகிற நேரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. முதல் உலகப் போரில் பக்கத்துக் கிரெட்னாவில் பிரமாண்டமான வெடிமருந்துத் தொழிற்சாலை. சம்பளம் வாங்கிய கையோடு தொழிலாளர்கள் கார்லைலில் இறங்கிக் குடித்து விழுந்தார்கள். 1916-இல் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? அந்த வட்டாரத்துப் பப்புகளையும் பீர் ஆலைகளையும் தானே வாங்கிவிட்டது. போர் முடிந்தும் விடவில்லை, 1970-களின் தொடக்கம் வரை அரசே நடத்தியது.

சாலைவாசி:
டாஸ்மாக்! அங்கேயுமா?

ஏர் நதிக்கரை:
அங்கேதான் வித்தியாசம். டாஸ்மாக் 1983-இல் தொடங்கி, 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது, வருமானத்துக்காக. கார்லைலில் நோக்கம் குடியைக் குறைப்பது. மேலாளருக்கு நிலையான சம்பளம், மது விற்றால் கமிஷன் கிடையாது, சாப்பாடு விற்றால்தான் கமிஷன். ஒருவர் இன்னொருவருக்கு வாங்கிக் கொடுக்கத் தடை. பல கடைகளை மூடினார்கள். மிச்சத்தை ஹாரி ரெட்ஃபெர்ன் என்ற கட்டடக் கலைஞரை வைத்துக் காற்றோட்டமாக, குடும்பத்தோடு உட்காரும்படி புதிதாகக் கட்டினார்கள். நிலையத்துக்கு அருகே பாட்சர்கேட்டில் கம்பர்லண்ட் இன் அவர் கட்டியது. அம்மாவுக்கு வெளியிலிருந்தாவது காட்டுங்கள்.

பச்சைமிளகாய்:
சைவத்துக்கு எச்சரிக்கை. வடக்கே பல இடங்களில் சிப்ஸ் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். கேட்காமல் தொடாதீர்கள். பை (pie) என்று காய்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்டுத் தருவார்கள், அதன் மேல் ஊற்றும் கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். காலைத் தட்டில் கருப்பாக வட்டமாக ஒன்று வரும், இரத்தத்தில் செய்தது, முந்தின நாள் இரவே வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நம்பிச் சாப்பிடக்கூடியது ஜாக்கெட் பொட்டேட்டோ (தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு), சூப் (கேட்டுவிட்டு), வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி (இதையும் கேட்டுவிட்டு).

இவற்றைவிட முக்கியம் சமையலறை நேரம். பப் 11 மணி வரை திறந்திருக்கும், அடுப்பு எட்டரைக்கே அணைந்துவிடும். ஞாயிறு மதிய ரோஸ்ட் இறைச்சிச் சாப்பாட்டோடு சிலர் முடித்துக்கொள்வார்கள். திங்கள், செவ்வாய் அடுப்பே மூட்டாத ஊர்களும் உண்டு. நான் திட்டம் போடுவது அடுப்பு நேரத்தைப் பார்த்துத்தான், ரயில் அட்டவணை அதற்கு அடுத்தது. கையோடு பருப்புப்பொடி கட்டாயம்.

குரோய்டன்காரி:
எல்லோருக்கும் நன்றி. "சத்திரம்" வேலை செய்தது. நாயின் கதையைச் சொன்னதும் அந்த நிலையத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். ஆனால் நிபந்தனை: குடிக்கிற கூடத்தில் கால் வைக்க மாட்டார், சாப்பாடு அறைக்கே வர வேண்டும். ஞாயிறு புறப்படுகிறோம்.

(ஒன்பது நாள் கழித்து)

குரோய்டன்காரி:
போய் வந்தாகிவிட்டது. ஐந்து நாளையும் எழுதினால் யாரும் படிக்க மாட்டீர்கள், மனதில் நிற்பதை மட்டும் சொல்கிறேன்.

ரிபிள்ஹெட்டில் இறங்கியபோது மழையும் பனிமூட்டமும். 24 கண்ணில் நான்கு தெரிந்தது. "இதற்காகவா வந்தோம்" என்று அம்மா கேட்கவில்லை, முகம் கேட்டது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை. உள்ளே நுழைய ஒரே கதவு, அது நேராக மதுக்கூடத்துக்குள் திறக்கிறது. மாடிப்படி அந்தக் கூடத்தின் மறுகோடியில். நிபந்தனை வாசலிலேயே முடிந்தது. நனைந்த புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நின்ற அம்மாவைப் பார்த்து, கணப்பருகே இருந்த மூன்று மலையேறிகள் எழுந்து இடம் விட்டார்கள். ஒரு கிழ நாய் மட்டும் எழவில்லை. அம்மா அதன் பக்கத்தில் உட்கார்ந்தார், "ஐந்து நிமிடம்தான்" என்றார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அவர் கண் முழுக்க கவுண்டரில் இருந்த கைப்பிடிகள் மேல். பரிமாறும் பெண்மணி கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, அந்த நீளக் கைப்பிடியைத் தன் பக்கம் ஓர் இழு, நிறுத்தம், மறுபடி ஓர் இழு. மூன்றாவதற்குக் கோப்பை நிறைந்து, நுரை தளும்பி, மெதுவாகத் தெளிந்தது. "அடிகுழாய் மாதிரி அல்லவா இருக்கிறது" என்றார் அம்மா. அதேதான். நிலவறையில் இருக்கும் பீப்பாயிலிருந்து கைப்பம்பு வைத்து இழுக்கிறார்கள். அதனால்தான் அந்தப் பீர் பனிக்கட்டிபோல் இல்லாமல் நிலவறைக் குளிர்ச்சியோடு வருகிறது. நான் அரைக் கோப்பை வாங்கினேன். அம்மா இஞ்சி பீர் என்றதும் சந்தேகத்தோடு மோந்து பார்த்தார், மதுவில்லை என்று நான்கு முறை கேட்டுக்கொண்டு குடித்தார்.

காலையில் வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. அம்மா பாலத்தடியில் நின்று விரலை நீட்டி உரக்க எண்ணினார். 24 வந்ததும் "சரியாக இருக்கிறது" என்றார், யாரோ கணக்குக் கேட்டதுபோல. பொன்மலை ஐயா சொன்ன பருத்த தூண்களையும் கண்டுபிடித்துவிட்டோம்.

திங்கள் இரவுதான் சோதனை. மலைக்கு அப்பால் ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை. இரவுச் சாப்பாடு உண்டு என்று மின்னஞ்சலில் உறுதி சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் திங்கள் அடுப்பு விடுமுறை. ஊரில் வேறு கடை கிடையாது. கவுண்டரில் இருபது வயதுப் பையன் ஒருவன், அவனுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. உள்ளே போய் இரண்டு உருளைக்கிழங்கை மைக்ரோவேவில் வேகவைத்து, வெண்ணெயோடு கொண்டுவந்து வைத்தான். அம்மா பையிலிருந்து பருப்புப்பொடிச் சம்புடத்தை எடுத்தார். கிழங்கைப் பிளந்து, வெண்ணெயை உருகவிட்டு, பொடியைத் தூவிப் பிசைந்தார். பையன் நின்று பார்த்தான். "தம்பிக்கும் கொஞ்சம்" என்று அம்மா தமிழிலேயே சொல்லி அவன் கையில் ஒரு சிட்டிகை போட்டார். நக்கிப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை, உள்ளே போனான். மூன்றாவதாக ஒரு கிழங்கோடு திரும்பி வந்தான்.

இரவு 11 மணிக்குச் சற்று முன் கீழே மணி அடித்தது. "இந்த ஊரில் அர்த்தஜாமப் பூஜையா?" என்றார். கடைசிக் கோப்பைக்கான மணி என்று விளக்கினேன். "அதற்குமேல் கொடுக்க மாட்டார்களா? நல்ல பழக்கம்" என்றபடி திரும்பிப் படுத்தார்.

கடலோரத்தில் யாழ்தேவி சொன்னபடி வலப்பக்கம் உட்கார்ந்தோம். செலாஃபீல்டில் வேலை முடிந்த கூட்டம் ஏறி வண்டி நிறைந்துவிட்டது. ஜன்னலில் கடல், காதில் ஷிப்டு பேச்சு. ரேவன்கிளாஸில் தண்ணீர் வற்றியிருந்தபோது படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, ஆறு மணி நேரம் கழித்து அதே படகுகள் ஜன்னலுக்கு எதிரே மிதந்தன. குட்டி ரயிலில் அம்மாவின் முழங்கால் எதிர் இருக்கையில் இடித்தது. "இதை யார் வீட்டுக் கொலுவிலிருந்து எடுத்து வந்தார்கள்?" என்று கேட்டார்.

பச்சைமிளகாய்:
சம்புடம் கொண்டுபோனீர்களே, அதுதான்! அந்தப் பப் பணத்தைத் திருப்பித் தந்ததா?

குரோய்டன்காரி:
கேட்கவில்லை. காலையில் உரிமையாளர் வந்து தானாகவே பில்லில் கழித்தார்.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு?

குரோய்டன்காரி:
20 பவுண்டு. உங்களுக்காகவே குறித்துவைத்தேன். நான்கு இரவுக்கும் சராசரி, இருவருக்கும் காலைச் சாப்பாட்டோடு, 105 பவுண்டு ஆயிற்று.

யாழ்தேவி:
கிரேஞ்சில் இறங்கினீர்களா?

குரோய்டன்காரி:
இரண்டு மணி நேரம். நிலையத்தை ஒட்டியே விரிகுடா. மணல் கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்து கிடக்க, அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப் போனார். புதைமணல் என்ற பலகையைப் பார்த்து இழுத்துவந்தேன்.

யாழ்தேவி:
நல்லவேளை. மோர்கம்ப் விரிகுடாவில் வழிகாட்டி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. 2004-இல் சிப்பி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேரை இதே விரிகுடாவின் அலை ஓர் இரவில் கொண்டுபோனது. ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஆர்ன்சைடில், தண்ணீர் ஏறும் முன்னர் சங்கு ஊதி எச்சரிப்பார்கள்.

சாலைவாசி:
என் மாமியார் அடுத்த மாதம் வருகிறார். படி ஏற முடியாது. இந்த மாடி அறைகளுக்கு லிப்ட் உண்டா?

குரோய்டன்காரி:
நாங்கள் தங்கிய எங்கும் கிடையாது. படிகள் செங்குத்து, கூரை தாழ்வு, நானே ஓர் இடத்தில் தலையை இடித்துக்கொண்டேன். பழைய லாயத்தை அறையாக மாற்றியிருப்பார்கள், அது தரைத்தளம். தொலைபேசியில் அழைத்து அதைக் கேளுங்கள், இணையத்தில் பெரும்பாலும் காட்டாது. நீங்களா ரயிலில் போகப் போகிறீர்கள்?

சாலைவாசி:
நாயின் சிலையைப் பார்க்க வேண்டுமாம்.

குரோய்டன்காரி:
பொன்மலை ஐயாவுக்கு ஒரு கேள்வி, அம்மாவுடையது. ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மல்லேக் போகிற வண்டியில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்?

பொன்மலை ஓய்வாளர்:
இடப்பக்கம். கிளென்ஃபினன் பாலம் 21 கண், வளைந்து போகும், வண்டியின் தலையை வாலிலிருந்தே பார்க்கலாம். கூட்டம் அதிகம், அரை மணி நேரம் முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள். அம்மாவை எண்ணச் சொல்.